சந்தைத் திடலில் யாருக்கு இடம்?



வழக்கமாக விதை, மண், பூச்சி என்று எழுதுகிறவன் நான். இந்த முறை எழுதப்போவது விளைச்சலைப் பற்றி அல்ல, விளைந்ததை இறக்கி வைக்கும் இடத்தைப் பற்றி. எங்கள் ஊர் நடுவே இருக்கும் சந்தைத் திடலைப் புதுப்பிக்க நகராட்சி ஒரு திட்டம் போட்டது. அதை வைத்து ஊரே ஏழு மாதம் வாதாடியது. அந்த வாதத்தில் நானும் இருந்தேன். முதலில் நான் நின்ற பக்கம் வேறு என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு நிலம் மூன்று ஏக்கர், கிணற்றுப் பாசனம். பதினாறு வருடமாக உப்பு உரமும் இல்லை, பூச்சிக்கொல்லியும் இல்லை. ஒரு ஏக்கரில் பாரம்பரிய நெல், அரை ஏக்கரில் கீரையும் காய்கறியும், மீதியில் உளுந்து, எள், மாட்டுக்குத் தீவனம். சனிக்கிழமை விடியற்காலையில் கீரையைப் பறித்து, ஈரச் சாக்கில் சுற்றி, மொபெட்டில் வைத்து ஆறு மணிக்கெல்லாம் திடலில் இருப்பேன். கூடவே அரிசி இரண்டு மூட்டை.

திடல் என்றால் பெரிதாக எதுவும் கிடையாது. நடுவில் இரண்டு தூங்குமூஞ்சி மரம், வடக்கு ஓரத்தில் ஓர் அரசமரம், தூர்ந்துபோன ஒரு கிணறு, மற்றபடி மண்தரை. என் தாத்தா இங்கேதான் கத்தரிக்காய் விற்றார். சனிக்கிழமை சந்தை, மற்ற நாளில் பையன்கள் பந்து விளையாடுவார்கள், சாயங்காலம் பெரியவர்கள் உட்கார்ந்து பேசுவார்கள். திருவிழா என்றால் ராட்டினம் வரும். கட்சிக்கூட்டம் என்றால் மேடை வரும்.

குறையும் நிறையவே உண்டு. மழை பெய்தால் கணுக்கால் அளவு சேறு. கழிப்பறை கிடையாது. விடியற்காலை நான்கு மணிக்கு வந்து மத்தியானம் வரை உட்கார்ந்திருக்கும் பெண்கள் படும் பாட்டை எழுதவே கூச்சமாக இருக்கிறது. விளக்கு இரண்டு எரியும், இரண்டு எரியாது. சந்தை முடிந்த மறுநாள் அழுகிய முட்டைக்கோஸ் நாற்றத்தில் அந்தப் பக்கம் நடக்க முடியாது. ஆகவே ஏதாவது செய்யத்தான் வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. என்ன செய்வது என்பதில்தான் சண்டை.

வரைபடம் வந்தது

ஆனி மாதத்தில் நகராட்சி அலுவலகச் சுவரில் ஒரு வண்ணப் படம் ஒட்டினார்கள். திடல் முழுக்கப் பேவர் பிளாக். நடுவில் நீரூற்று. அதன் முன்னால் ஊர்ப் பெயரை ஆளுயர எழுத்தில் வைத்து ஒரு செல்ஃபி பாயிண்ட். மூன்று பக்கமும் ஷட்டர் போட்ட 48 கடைகள், நாலாவது பக்கம் கார் நிறுத்துமிடம். படத்தில் புல்வெளி இருந்தது, வரிசையாகப் பனை மாதிரி ஏதோ அழகுச் செடி இருந்தது. கையில் பலூனோடு ஒரு குழந்தைகூட இருந்தது. இரண்டு தூங்குமூஞ்சி மரமும் இல்லை. தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்த ஒருத்தரும் இல்லை.

நான் அதைப் பார்த்துவிட்டுச் சந்தோஷப்பட்டேன். உண்மையைத்தான் சொல்கிறேன். எனக்கு ஒரு கடை கிடைத்தால் அரிசி, செக்கு எண்ணெய், நாட்டுச் சர்க்கரை, கீரை எல்லாம் ஒரே இடத்தில் வைக்கலாம். 'இயற்கை அங்காடி' என்று பலகை மாட்டலாம். மழையில் மூட்டை நனையாது. அன்றைக்கே விண்ணப்பம் வாங்கி வந்து வீட்டில் வைத்துவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை, எனக்குப் பக்கத்தில் முப்பது வருடமாக உட்காரும் கீரைக்கார அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் கட்டுப் பிரித்துக்கொண்டே கேட்டார்: "நல்லது தம்பி. உனக்குக் கடை வந்துரும். எனக்கு?"

எனக்குப் பதில் வரவில்லை. அவருக்கு இருப்பது கால் ஏக்கர், அதுவும் வாரத்துக்கு. ஒரு நாளைக்கு அறுபது எழுபது கட்டு விற்பார். கடை ஏலத்துக்கு முன்பணமே லட்சக்கணக்கில் என்று பேச்சு. மாத வாடகை வேறு. பத்து ரூபாய்க் கீரைக்கட்டில் அதை எப்படி எடுப்பது?

அன்று ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தேன். வாடகை கட்டிக் கடை வைத்தால் நானும் விலையை ஏற்றத்தான் வேண்டும். இப்போது என்னிடம் கீரை வாங்குகிறவர்கள் யார்? சித்தாள் வேலைக்குப் போகிறவர்கள், பள்ளிக்கூட ஆயா, ஆட்டோ ஓட்டுகிறவர் வீட்டம்மா. அவர்கள் கண்ணாடிக் கதவு போட்ட அங்காடிக்குள் வருவார்களா? நஞ்சில்லா உணவு எல்லாருக்கும் என்று மேடையில் பேசுகிறோம். தரையை விட்டு எழுந்த அன்றைக்கே அது காசு உள்ளவர்களுக்கு மட்டும் என்று ஆகிவிடுமே.

ஆளுக்கு ஒரு நியாயம்

கிராமத்தில் கிராமசபை இருப்பது நமக்குத் தெரியும். நகரத்துக்கும் அதுபோலப் பகுதி சபை வந்திருக்கிறது. 2022 நவம்பர் 1ஆம் தேதி, உள்ளாட்சி நாளில், தமிழ்நாட்டில் நகர்ப்புறங்களில் இந்தக் கூட்டங்கள் நடந்தன. எங்கள் ஊரிலும் நடத்துகிறார்கள். ஆனால் அதுவரை நான் ஒன்றுக்கும் போனதில்லை. என் நிலம் ஊராட்சியில், வீடு நகராட்சியில். இரண்டு இடத்திலும் 'நமக்கென்ன' என்று இருந்துவிட்டேன்.

ஐப்பசியில் நடந்த கூட்டத்துக்கு நாங்கள் இருபது பேர் போனோம். கல்யாண மண்டபத்தில் நாற்காலி போதவில்லை. நாங்கள் ஒரு பக்கம், எதிரி ஒரு பக்கம் என்றுதான் நினைத்துப் போனேன். அப்படி இல்லை. ஒவ்வொருத்தரும் ஒரு நியாயத்தோடு வந்திருந்தார்கள்.

கடைவீதி வணிகர் ஒருவர் எழுந்தார். "சனிக்கிழமை என் கடைக்கு முன்னாடி ஒரு வண்டி நிறுத்த முடியுதா? வரி கட்டுறது நாங்க, ரோட்டை அடைக்கிறது அவங்க" என்றார். கோபம் இருந்தது, பொய் இல்லை.

காலையில் நடைப்பயிற்சி போகும் ஓய்வுபெற்ற ஆசிரியர், "சர்க்கரை வியாதிக்காரன், நடக்கச் சொல்றாங்க. நெடுஞ்சாலையில நடந்தா லாரி வருது. திடல்ல சுத்திவர ஒரு பாதை போட்டுக் குடுங்க, அது போதும்" என்றார்.

கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் பேசியதுதான் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "பசங்க டீக்கடையில நிப்பாங்க, பாலத்துல உக்காருவாங்க. நாங்க வீட்டை விட்டா காலேஜ், காலேஜை விட்டா வீடு. ஊர் நடுவுல விளக்கு வெளிச்சத்துல உக்கார ஒரு பெஞ்சு வேணும். செல்ஃபி பாயிண்ட் வேணும்னு நாங்க கேக்கல." மண்டபமே கைதட்டியது. சந்தைதான் பெரிது என்று போன எனக்கு, அந்தத் திடல் எங்களுடையது மட்டும் இல்லை என்று அப்போதுதான் உறைத்தது.

கீரைக்கார அம்மா ஒரே வரி பேசினார். "கக்கூஸ் கட்டுங்கய்யா, மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

கீரைக்கட்டு சொன்ன சாட்சி

பொறியாளர் இளைஞர், நல்ல பிள்ளை. "பேவர் போட்டா சேறு இருக்காது. நீங்களும் சுத்தமா உக்காரலாம். கடை எடுக்க முடியாதவங்களுக்குக் கார் நிறுத்துற இடத்துல சனிக்கிழமை மட்டும் கோடு போட்டுக் குடுக்கலாம்" என்றார். கேட்க நன்றாக இருந்தது. பல பேர் தலையாட்டினார்கள்.

விவசாயிக்கு வாய்ப்பேச்சு வராது. நிலத்தில் சோதித்துப் பார்த்ததைச் சொல்லத்தான் வரும். அதற்கு முந்தின வாரம் நான் ஒரு வேலை செய்திருந்தேன். ஒரே பாத்தியில் பறித்த சிறுகீரை இரண்டு கட்டு. ஒன்றைத் திடலில் மர நிழலில் மண்மேல் ஈரச் சாக்கு விரித்து வைத்தேன். மற்றதைப் புதிய பேருந்து நிலையத்துப் பேவர் தரையில், குடை நிழலில், அதே மாதிரி ஈரச் சாக்கில் வைத்தேன். காலை பத்தரைக்கு வைத்து ஒரு மணிக்கு எடுத்தேன். மண்மேல் இருந்தது கொஞ்சம் வாடியிருந்தது, தண்ணீர் தெளித்ததும் நிமிர்ந்துகொண்டது. பேவர்மேல் இருந்தது சுருண்டுபோய் அடி இலை வெந்த மாதிரி ஆகிவிட்டது. சாக்கும் காய்ந்துவிட்டது.

இதில் அதிசயம் எதுவும் இல்லை. பறித்த பிறகும் கீரை மூச்சு விடுகிறது, இலை வழியாக நீரை இழக்கிறது. சூடு கூடக்கூட அது வேகமாகும். சிமெண்டுக் கல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு கீழிருந்து சுடும். மண்தரையில் இருக்கும் ஈரம் ஆவியாகும்போது சூட்டையும் கொண்டுபோகும். மரம் மேலிருந்து காக்கும். நம்மூர்ச் சந்தை மரத்தடியில் கூடியதற்குக் காரணம் அழகு அல்ல. அதுதான் அந்தக் காலத்துக் குளிர்பதனக் கிடங்கு.

கூட்டத்தில் அந்த இரண்டு கட்டையும் மேசைமேல் வைக்க முடியவில்லை, வாரமாகிவிட்டது. ஆனால் போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். அதைப் பொறியாளரிடம் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். "இதை நாங்க யோசிக்கல" என்றார். வெளியே வந்ததும் கீரைக்கார அம்மா என்னைத்தான் திட்டினார்: "ஒரு கட்டை வீணாக்கிட்டியே!"

நீரைப் பற்றியும் பேசினோம். திடல் மண்ணாக இருப்பதால் பெய்யும் மழை பெரும்பாலும் அங்கேயே இறங்குகிறது. அடியில் காங்கிரீட் போட்டு மேலே கல் பதித்தால் அத்தனை தண்ணீரும் தாழ்வான கடைவீதிக்குத்தான் ஓடும். இதைக் கேட்டதும் அதுவரை எங்களை முறைத்துக்கொண்டிருந்த வணிகர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பேருந்து நிலையத்தில் பேவர் போட்டபின் முதல் மழையிலேயே பக்கத்துக் கடைகளில் தண்ணீர் புகுந்தது அவருக்கும் தெரியும்.

திருச்சி சொல்லும் பாடம்

எங்கள் பக்கத்துப் பெரிய ஊரான திருச்சியில் நடந்ததை ஆசிரியர்தான் நினைவுபடுத்தினார். காந்தி மார்க்கெட்டில் நெரிசல் தாங்க முடியாத அளவு. அது எல்லாருக்கும் தெரிந்த உண்மை. அதை ஊருக்கு வெளியே கொண்டுபோக மதுரை சாலைப் பக்கம் கள்ளிக்குடியில் சுமார் 77 கோடி ரூபாய்ச் செலவில் பெரிய வணிக வளாகம் கட்டி 2017இல் திறந்தார்கள். வியாபாரிகள் போகவில்லை. தூரம் அதிகம், கடை சிறிது என்றார்கள். பிரச்சினை நீதிமன்றம் வரை போனது. வளாகம் வருடக்கணக்கில் பெரும்பாலும் காலியாகவே கிடந்தது.

அங்கே சங்கம் வைத்திருந்த மொத்த வியாபாரிகள் 'வரமாட்டோம்' என்று சொல்ல முடிந்தது. நம்மைப் போலத் தரையில் சாக்கு விரிப்பவர்களுக்கு அப்படிச் சொல்லும் பலம் கிடையாது. நம்மை எழுப்பினால் நாம் போராட மாட்டோம். இரண்டு வாரம் வேறு இடம் தேடுவோம், பிறகு கீரை போடுவதையே விட்டுவிடுவோம். அது செய்தித்தாளில் வராது.

இன்னொரு பாடம் உழவர் சந்தை. 1999 நவம்பர் 14ஆம் தேதி மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறந்தார்கள். விவசாயிக்கு அடையாள அட்டை, வாடகை இல்லாத கடை, தராசு. இடைத்தரகர் இல்லாமல், மொத்த விலையைவிடக் கூடுதலாகவும் வெளிக்கடை விலையைவிடக் குறைவாகவும் விற்பனை. நல்ல யோசனை. மக்கள் நடந்து வரும் தூரத்தில் அமைந்த சந்தைகள் இன்றும் காலையில் களைகட்டுகின்றன. ஒதுக்குப்புறத்தில் அமைந்தவற்றில் சில சோர்ந்து போயின. சந்தைக்குக் கட்டடத்தைவிட இடம் முக்கியம்.

சட்டம் நம் பக்கமும் இருக்கிறது

எங்களோடு நின்ற ஒரு வழக்கறிஞர் தம்பி சொல்லித்தான் எனக்கு இது தெரியும். பொது இடத்தில் விற்பவர்களுக்காக 2014இல் தெருவோர வியாபாரிகள் வாழ்வாதாரப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்படி ஒவ்வோர் ஊரிலும் நகர விற்பனைக் குழு இருக்க வேண்டும். அதில் குறைந்தது 40 விழுக்காடு வியாபாரிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். கணக்கெடுப்பு முடித்துச் சான்று கொடுப்பதற்கு முன் யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. இடம் மாற்றுவதானால் 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். ஐம்பது வருடத்துக்கு மேலாக இயல்பாகக் கூடிவரும் சந்தையை மரபுச் சந்தையாக அறிவிக்க வேண்டும், அங்குள்ளவர்களை இடம் மாற்றக் கூடாது என்றும் அந்தச் சட்டத்தின் அட்டவணை சொல்கிறது.

இதையெல்லாம் கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றால் என்மேல்தான். பஞ்சகவ்யத்தில் எது எவ்வளவு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். நான் உட்காரும் ஆறடி இடத்துக்கு என்ன சட்டம் என்று பதினாறு வருடமாகத் தெரியாது.

நாங்களே ஒரு சனிக்கிழமை கணக்கெடுத்தோம். கல்லூரிப் பெண்கள் நாலு பேர் நோட்டோடு வந்தார்கள். தரையில் விற்பவர்கள் இருநூறு பேருக்கு மேல். பாதிக்கு மேல் பெண்கள். வரைபடத்தில் இருந்ததோ 48 கடை.

இப்போது எங்கே நிற்கிறது?

மார்கழியில் நடந்த கூட்டத்தில் நாங்கள் மாற்று வரைபடம் ஒன்றைக் கொடுத்தோம். ஆசிரியர் கோடு போட்டார், பொறியாளர் அளவு சரிபார்த்துக் கொடுத்தார். மரங்கள் அப்படியே இருக்கும். மரத்தடி மண்தரையாகவே இருக்கும், சேறு வராமல் சரளை மண் அடித்து வாட்டம் கொடுக்க வேண்டும். சுற்றி நடைபாதை, அதுவும் மணல் மேல் கல் பதித்து, இடுக்கில் நீர் இறங்கும்படி. பெண்களுக்குத் தனிக் கழிப்பறை, குடிதண்ணீர், விளக்கு, பெஞ்சு. வண்டி நிறுத்தப் பழைய மாட்டுப்பவுண்டு இடம். கிணற்றைத் தூர்வாரி மழைநீரை அதில் விடுவது. ஓரத்தில் மட்கு குழி நாலு. சந்தைக் கழிவை அங்கேயே மட்க வைத்து எடுத்துக்கொள்ள நாங்கள் பன்னிரண்டு விவசாயிகள் எழுதிக் கொடுத்திருக்கிறோம். நமக்கு அது குப்பையா? நிலத்திலிருந்து எடுத்து வந்ததைத் திரும்பக் கொண்டுபோகிறோம், அவ்வளவுதான்.

எல்லாம் ஜெயித்துவிட்டோம் என்று எழுத ஆசைதான். ஆனால் உண்மை அப்படி இல்லை. மரத்தை வெட்ட மாட்டோம் என்று வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார்கள். கழிப்பறைக்கு இடம் குறித்துவிட்டார்கள். கடைகள் 48லிருந்து குறையும் என்கிறார்கள், எத்தனை என்று சொல்லவில்லை. நிதி வருவது கட்டடத்துக்குத்தான், மண்தரைக்கு எந்தத் தலைப்பில் செலவு எழுதுவது என்று அதிகாரி ஒருவர் கேட்டார். அவர் கேலியாகக் கேட்கவில்லை. அவருடைய படிவத்தில் உண்மையிலேயே அதற்கு இடமில்லை. வியாபாரிகள் பட்டியல் இன்னும் முடியவில்லை. வணிகர்களில் பாதிப் பேர் இன்னும் கடைகள் வேண்டும் என்றே நிற்கிறார்கள். அவர்களோடு பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது.

இதைப் படிக்கும் உழவர்களுக்கு, குறிப்பாகப் புதிதாக இயற்கை வேளாண்மைக்கு வருகிற இளைஞர்களுக்கு, நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

* வரைபடம் சுவரில் ஏறும் வரை காத்திருக்காதீர்கள். உங்கள் ஊர்ச் சந்தைக்கு என்ன திட்டம் என்று இப்போதே எழுதிக் கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும்.
* உங்கள் ஊரில் நகர விற்பனைக் குழு இருக்கிறதா, அதில் விவசாயி இருக்கிறாரா, பெண்கள் இருக்கிறார்களா என்று பாருங்கள்.
* எத்தனை பேர் விற்கிறார்கள், என்ன விற்கிறார்கள் என்று நீங்களே ஒருநாள் எண்ணி வையுங்கள். எண்ணிக்கை இல்லாவிட்டால் 'பத்துப் பேர்தானே' என்று சொல்லிவிடுவார்கள்.
* சந்தைச் சுங்கத்துக்குச் சீட்டு கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். நீங்கள் அங்கே உட்கார்ந்தீர்கள் என்பதற்கு அதுவும் ஒரு சான்று.
* நடக்க வருகிறவர், படிக்கிற பிள்ளைகள், கடைக்காரர் எல்லாரிடமும் முதலில் பேசுங்கள். அவர்கள் தேவையையும் சேர்த்துக் கேட்டால்தான் உங்கள் தேவை நிற்கும்.

ஒரு போகத்துக்குக் கீரைக்கு எத்தனை முறை குனிகிறோம்! அதை விற்கும் இடத்துக்காக வருடத்தில் நாலு கூட்டத்துக்குப் போய் உட்கார நமக்கு நேரம் இல்லையா?

கடைக்கு வாங்கிய விண்ணப்பம் இன்னும் என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. நிரப்பவில்லை. கிழித்தும் போடவில்லை. மழை பெய்து மூட்டை நனைகிற அன்றைக்கு அதை எடுத்துப் பார்க்கத்தான் செய்கிறேன். போன சனிக்கிழமை கீரைக்கார அம்மா கேட்டார், "என்ன தம்பி, அடுத்த கூட்டம் எப்ப?"

தேதி சொன்னேன். "அன்னைக்குக் கீரையைக் கொஞ்சம் சீக்கிரம் வித்துட்டு வந்துர்றேன். எனக்கும் ஒரு நாற்காலி பிடிச்சு வை" என்றார்.